பதினெட்டு வயதில் முதல் ஃபோர் பை ஃபோர்: கேள்வியும் பதிலும்

குறைந்த செலவில் பிள்ளைக்கு எந்த ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் வண்டி, வாங்கித் தரலாம் என்று சென்னையின் பல பக்கங்களிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். பழைய மாருதி ஜிப்ஸி, மஹிந்திரா தார், ரெனோ டஸ்டர் வண்டிகளின் அடியில் படுத்து வேலை பார்ப்பதுதான் என் தொழில். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு தந்தை: பையனுக்கு ஜூனில் 18 முடிகிறது. கையில் ஆறு லட்சம் இருக்கிறது. ஜிப்ஸிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். வாங்கலாமா சார்?

அவன் ஆசையில் தப்பே இல்லை சார். ஜிப்ஸி சுமார் ஆயிரம் கிலோதான். மெதுவாக, அதிக இழுவையோடு ஏற உதவும் லோ ரேஞ்ச் கியர் உண்டு. சேற்றில் இறக்கினால் பெரிய வண்டிகள் திணறும் இடத்தில் ஏறி வந்துவிடும். ஆனால் உங்கள் பையன் சேற்றில் இறங்கப்போவது மாதத்துக்கு ஒரு நாள். மீதி நாளெல்லாம் ஜி.எஸ்.டி. ரோட்டில், அரசு பஸ்ஸுக்கும் கன்டெய்னர் லாரிக்கும் நடுவில்தான் ஓட்டப்போகிறான். 1985-லிருந்து முப்பது வருடத்துக்கு மேல் விற்ற ஜிப்ஸியில் ஏர்பேக் கிடையாது, திடீரென்று பிரேக் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. மேலே பெரும்பாலும் துணிக்கூரை. பிரேக்கை எப்போது, எவ்வளவு மிதிப்பது என்று கால் இன்னும் பழகாத பிள்ளைக்கு அந்த வண்டியைக் கொடுக்க எனக்கு மனசு வராது. நாலு வருடம் ஓட்டிப் பழகட்டும், அப்புறம் இரண்டாவது வண்டியாக வாங்கட்டும்.

உங்கள் பணத்துக்கு நான் சொல்வது ரெனோ டஸ்டரின் ஏ.டபிள்யூ.டி., அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் மாடல். 2014-ல் வந்தது. 1.5 லிட்டர் டீசல், 110 குதிரைத்திறன், ஆறு கியர். லோ ரேஞ்ச் இல்லை. அதை ஈடுகட்ட முதல் கியரையே வேகம் குறைவாக, இழுவை அதிகமாக இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். பின்பக்கமும் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் என்பதால் குண்டும் குழியுமான பாதையில் வண்டி நிதானமாகப் போகும். நம் ஒரகடத்தில் செய்த வண்டி, உள்ளே கைவைக்கத் தெரிந்த மெக்கானிக் இங்கே நிறைய உண்டு. வண்டிகளை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கும் குளோபல் என்கேப் 2017-ல் சோதித்தபோது ஏர்பேக் இல்லாத டஸ்டர் ஒரு ஸ்டார்கூட வாங்கவில்லை. ஓட்டுநர் ஏர்பேக் உள்ளது மூன்று ஸ்டார் வாங்கியது. அதனால் எந்த வேரியன்ட், ஏர்பேக் எத்தனை என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சாதாரண டூ வீல் டிரைவ் டஸ்டரையே ஃபோர் பை ஃபோர் என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். கியர் பக்கத்தில் ஆட்டோ, லாக் என்று திருப்பும் சுவிட்ச் இருக்க வேண்டும். குனிந்து பார்த்தால் பின் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டான புரொபெல்லர் ஷாஃப்ட் போக வேண்டும்.

இன்னொன்று. ஆறு லட்சத்தையும் வண்டிக்கே போட்டுவிடாதீர்கள். ஒரு லட்சமாவது தனியாக எடுத்து வையுங்கள். டஸ்டர் டீசலில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லையென்றால், வாங்கிய வாரமே மாற்றிவிட வேண்டும். ஓடும்போது அறுந்தால் எஞ்சினே போய்விடும். டயர், கிளட்ச், புஷ் எல்லாம் அதற்கு அடுத்து வரும்.

அண்ணா நகரிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு 17 வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காலித் தெருவில் ஓட்டிப் பழகட்டும் என்கிறார் அவள் அப்பா.

வேண்டாம்மா. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 18 நிறையாத பிள்ளை வண்டியோடு பிடிபட்டால் பெற்றவருக்கு அல்லது வண்டிக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. யார் மேலாவது மோதிவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இந்த ஒரு வருடத்தில் அவள் கற்றுக்கொள்ள வேறு நிறைய இருக்கிறது. ஸ்டெப்னி மாற்றட்டும். ஜாக்கி எங்கே முட்டுக்கொடுக்க வேண்டும், ஆயில் அளவை எப்படிப் பார்ப்பது, டயரில் எவ்வளவு காற்று என்று அவள் கைக்கே தெரியட்டும். 18 முடிந்த அன்று எல்.எல்.ஆர். போடுங்கள். முப்பது நாள் கழித்து லைசென்ஸுக்குப் போகலாம். ஆனால் முப்பதாவது நாளே போயாக வேண்டும் என்று இல்லை. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், அதை முழுசாகப் பயன்படுத்துங்கள்.

வேளச்சேரியிலிருந்து: மஹிந்திரா தார் ஒன்று சிங்கிள் ஓனர் என்று ரொம்ப மலிவாக வருகிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்குமோ என்று பயம். எப்படிக் கண்டுபிடிப்பது?

பயப்படுவது நியாயம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நம் ஊரில் மூழ்கிய வண்டிகளில் எத்தனையோ கழுவித் துடைத்து மறுபடி விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஊர் மாறிப் போய், வேறு பெயரில் திரும்பி வந்ததும் உண்டு.

முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பாதியைத் துவைத்திருப்பார்கள். உருளைக்குள் சுற்றியிருக்கும் பாதியில் சேற்றுக் கோடு அப்படியே நிற்கும். அடுத்து முன்சீட்டுக்கு அடியில் கைவிட்டு, சீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டைத் தடவுங்கள். சாதாரணமாக ஓடிய வண்டியில் அந்த இடம் துருப்பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் வண்டல், டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தால் பச்சை பூத்த பின்கள், ஹெட்லைட் கண்ணாடிக்குள் மங்கல். வண்டிக்குள் வாசனை ஸ்ப்ரே தூக்கலாக அடித்திருந்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும். வண்டியைப் பூட்டிப் பத்து நிமிடம் வெயிலில் விட்டுவிட்டு, திறந்து மோந்து பாருங்கள்.

ஃபோர் பை ஃபோர் வண்டியில் இன்னொரு சோதனையும் உண்டு. முன், பின் டிஃபரென்ஷியல் (அச்சு நடுவில் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் கியர்ப் பெட்டி), டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) மூன்றிலும் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பால் காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. விற்பவர் மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஆர்.சி. விவரத்தை அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பார்த்து, இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் வரலாற்றையும் கேளுங்கள்.

நீங்கள் சொல்லும் தார் 2020 அக்டோபருக்கு முந்தைய பழைய உருவம் என்றால் அதிலும் ஏர்பேக் இல்லை. ஏ.பி.எஸ். 2019-ல்தான் வந்தது. பின்னால் எதிரெதிராக உட்காரும் பெஞ்ச் சீட் வேறு. காலேஜ் நண்பர்கள் நாலு பேர் அதில்தான் ஏறுவார்கள். வெள்ளத்தில் நிற்காத வண்டியே ஆனாலும் புதுசாக ஓட்டுபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெருங்குடியிலிருந்து: பத்துப் பன்னிரண்டு லட்சம் வரை போடலாம். 2020-க்குப் பிறகு வந்த தாரா, மாருதி ஜிம்னியா?

இரண்டும் நல்ல வண்டி. புதிய தார் குளோபல் என்கேப்பில் நாலு ஸ்டார் வாங்கியது. தண்ணீரிலும் கல்லிலும் அதன் பலம் அதிகம். ஆனாலும் 18 வயதுக்கு என் ஓட்டு ஓரிரு வருடம் ஓடிய ஜிம்னிக்குத்தான். ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் உண்டு, லோ ரேஞ்ச் உண்டு, சுமார் 1,200 கிலோதான், அகலமும் குறைவு. 105 குதிரைத்திறன் போதும். தார் பெட்ரோல் 150. ராத்திரி பதினொரு மணிக்குக் காலியாகக் கிடக்கும் ஓ.எம்.ஆரில் அந்த வித்தியாசம் பிள்ளையின் கால் கட்டைவிரலில் இருக்கும். மலிவாகக் கிடைக்கும் தார்களில் 1.5 டீசல் பின்சக்கர மாடலும் உண்டு. உருவம் அதேதான், ஃபோர் பை ஃபோர் கிடையாது.

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி: வாங்கினதும் பெரிய டயர், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், முன்னால் இரும்புக் கம்பி புல் பார் போடலாமா அண்ணா?

புல் பார் 2017 டிசம்பரிலேயே தடை செய்யப்பட்டது, தம்பி. மோதும்போது ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் அது கெடுக்கும். வண்டியை உயர்த்தினால் வளைவில் கவிழும் வாய்ப்பு கூடும். பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். கம்பெனி சொன்ன அளவிலேயே ரோடு, மண் இரண்டுக்கும் ஏற்ற நல்ல ஆல் டெரைன் டயர் போடு. முதல் வருடத்துக்கு அது ஒன்றே போதும்.

பாலவாக்கத்திலிருந்து: வீட்டுக்குப் பக்கத்திலேயே பீச். மணலில் ஓட்டிப் பழக அதைவிட நல்ல இடம் உண்டா?

பீச்சில் இறக்கவே இறக்காதீர்கள். ஜனவரியிலிருந்து நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. முட்டை எங்கே புதைந்திருக்கிறது என்று டயருக்குத் தெரியாது. வலை உலர்த்தும் இடமும் குழந்தைகள் விளையாடும் இடமும் அதுதான். வண்டிக்கும் கேடு, உப்புத் தண்ணீர் சேஸிஸுக்குள் புகுந்தால் உள்ளிருந்தே அரிக்கும். கைவிட்ட கல்குவாரியும் ஆபத்து. மேலே காய்ந்து வெடித்திருக்கும் ஏரிப் படுகையில் உள்ளே களிமண் ஈரமாக இருக்கும், அச்சு வரை இறங்கிவிடும். தெரிந்தவர் நிலத்தில், அவர் அனுமதியோடு, அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகுங்கள். மணலாக இருந்தால் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். தார்ச்சாலைக்கு ஏறுமுன் மறுபடி நிரப்பியாக வேண்டும்.

ஆவடியிலிருந்து: மழையில் ரோடு வழுக்கினால், சாதாரண வேகத்தில் நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் ஹை போட்டு ஓட்டலாமா? முதல் தடவை போகும்போது வண்டியில் என்ன இருக்க வேண்டும்?

தாரிலும் ஜிம்னியிலும், முன், பின் அச்சுகளை வேறு வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரென்ஷியல் கிடையாது. பிடிப்புள்ள ரோட்டில் ஃபோர் ஹையில் திருப்பினால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். ஃபோர் பை ஃபோர் இருப்பதால் பிரேக் சீக்கிரம் பிடிக்காது. மழையில் வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

தனி வண்டியாகப் போகவே கூடாது, குறைந்தது இரண்டு வண்டி. மண்வெட்டி, காற்றளவு மீட்டர், சின்ன கம்ப்ரசர், இழுப்பதற்கென்றே செய்த நல்ல பட்டை, பட்டையை வண்டியில் மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிள் இரண்டு. பட்டையை சேஸிஸில் உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மாட்டினால் அது தெறித்து ஆளைக் கொன்றுவிடும். இழுக்கும்போது ஓட்டுபவர்கள் தவிர மற்ற எல்லோரும் அந்தப் பட்டையின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில், பக்கவாட்டில் நிற்கட்டும்.