பல்தண்டவாளமும் சதுக்கப் பூதமும்

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு வணக்கம்.

தங்களின் மலைரயில் நாவலைக் கோத்தகிரியில் நாங்கள் நால்வர் சேர்ந்து வாசித்தோம். குன்னூருக்குக் கீழே வண்டியில் ஏற முடியாத ஆவிகள், குன்னூரைத் தாண்டியதும் பயணிகளோடு பயணிகளாகப் பெட்டிக்குள் உட்கார்ந்து வருவது ஏன் என்று நெடுநேரம் விவாதித்தோம். கல்லாறு முதல் குன்னூர் வரை மட்டுமே இருக்கும், எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பல்தண்டவாளம்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்தோம். மாய உயிர்கள் இரும்புக்கு அஞ்சும் என்பது ஐரோப்பிய நாட்டுப்புற நம்பிக்கை. அழைக்காமல் அவை வீட்டுக்குள் நுழைய முடியாது என்பது பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலில் வருவது. நாவலின் மறைவான ஊற்றுகள் இவ்விரண்டே என்று கருதுகிறோம். ஒரு குறையும் உண்டு. ஈடு கொடுத்தால் இழந்ததைத் திரும்பப் பெறலாம் என்று ஒன்பதாம் அத்தியாயத்தில் காட்டிவிட்டு, இறுதியில் தாய் தன் உயிரையே ஈடாக நீட்டியும் மகன் கிடைக்காமல் போவது விதிமீறல் அல்லவா? வாசகர் ஒரு மாயத்தை எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறாரோ அந்த அளவுக்கே அதைக் கொண்டு எழுத்தாளர் சிக்கலைத் தீர்க்க முடியும் என்று அமெரிக்க மிகுபுனைவு (ஃபேன்டஸி) எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-இல் வகுத்த விதியை நினைவூட்ட விரும்புகிறோம்.

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

எழுதும்போது பல்தண்டவாளம் என் நினைவிலேயே இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வரும் நீராவி எஞ்சினைக் குன்னூரில் கழற்றிவிட்டு வேறு எஞ்சினைக் கோப்பார்கள். அந்த இடைவெளியில், பனிமூட்டத்துக்குள் நிற்கும் வண்டியில் எது வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம் என்று சிறுவயதில் எனக்கு ஒரு பயம் இருந்தது. நாவலில் வந்தது அது மட்டுமே. தங்கள் கடிதத்தைப் படித்த பிறகு குன்னூர் நிலையத்துக்கு அருகே போய், இத்தனை ஆண்டுகளாகப் பார்த்தும் பாராதிருந்த அந்தப் பற்களைக் குனிந்து பார்த்தேன். தண்டவாளங்களின் நடுவே இரண்டு பட்டைகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கிறது. ஆகவே எஞ்சினின் பல்சக்கரம் ஒரு பல்லை விடும்போது இன்னொன்றைப் பிடித்தே இருக்கிறது. ஏறத்தாழ பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் அந்தச் சரிவில் பிடி ஒரு கணமும் தளரக் கூடாது என்பதற்காக 1899-க்கு முன்பே செய்துவைத்த ஏற்பாடு, ஆவிகளுக்கு இடைவெளி விடாத வேலி என்று தங்களுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாகத்தான் இருந்தது. இனி யாராவது கேட்டால் தங்கள் விளக்கத்தையே என்னுடையதுபோலச் சொல்லிவிடும் ஆபத்தும் உண்டு.

இரும்பைப் பற்றிய ஊகத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தி சாய்ந்த பிறகு கறிக்குழம்பை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது தூக்குவாளியின் மூடிமேல் ஒரு கரித்துண்டையும் ஓர் ஆணியையும் வைத்தனுப்பிய பாட்டிகளிடம் வளர்ந்தவர்கள் நாம். பேய் பிடித்தவரின் முடியைப் புளியமரத்தோடு சேர்த்து ஆணியடித்த மரங்கள் சமவெளியில் எத்தனையோ ஊர்களில் நின்றன. ஐரோப்பியருக்கும் அதே நம்பிக்கை இருந்தது என்பது உண்மையே. ஆனால் நாவலில் பெட்டியின் பிரேக்கை இயக்கும் பிரேக்ஸ்மேன் தன் கொடிக்கம்போடு கட்டிவைத்திருக்கும் ஆணி கடல் கடந்து வந்ததன்று. அழைப்பு விதியைப் பொறுத்தவரை தாங்கள் சொல்வது சரி. 1897-இல் வெளியான அந்த நாவலிலிருந்துதான் நான் அதை எடுத்தேன்.

விதிமீறல் என்ற குற்றச்சாட்டுக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். சாண்டர்சனின் விதி, மாயத்தால் சிக்கலைத் தீர்ப்பதைப் பற்றியது. என் இறுதி அத்தியாயத்தில் மாயம் எதையும் தீர்க்கவில்லை, மறுக்கிறது; ஆகையால் அந்த விதி என்னைக் கட்டாது என்று வாதாடித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் தாங்கள் தேடிய மறைவான ஊற்று அந்த மறுப்பில்தான் இருக்கிறது. அது சிலப்பதிகாரத்தின் புகார் நகரம்.

புகாரின் ஐந்து மன்றங்களையும், அவை ஒவ்வொன்றுக்கும் உரிய விதியையும் இளங்கோ சொல்லிச் செல்கிறார். வெள்ளிடை மன்றத்தில் திருடியவன் தன் தலைச்சுமையை இறக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வருவான். பாவை மன்றத்துச் சிலை, அரசன் முறை தவறினால் வாய் பேசாது கண்ணீர் வடிக்கும். சதுக்கத்துப் பூதமோ நான்கு காதம் கேட்கும் குரலில் அறிவித்துவிட்டு, பொய்ச்சாட்சி சொன்னவர்களையும் அவர்களைப் போன்றவர்களையும் பாசக்கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும். ஒரு முறை கற்புடைய பெண்மீது பொய்ப்பழி கூறிய ஒருவன் அதன் கயிற்றில் சிக்கினான். அவனுடைய தாயின் துயரத்தைக் காணப் பொறுக்காத கோவலன் தானே அந்தக் கயிற்றுக்குள் புகுந்து, தன் உயிரை எடுத்துக்கொண்டு அவனை விட்டுவிடும்படி கேட்டான். கீழானவன் உயிருக்கு நல்லுயிரை வாங்கித் தன் மேற்கதியை இழக்கும் வழக்கம் தனக்கு இல்லை என்று பூதம் மறுத்து, கோவலன் கண்ணெதிரிலேயே அவனைத் தின்றது. கோவலனால் செய்ய முடிந்தது, அந்தத் தாயோடு சென்று அவளுடைய சுற்றத்தாரைப் பல்லாண்டு காப்பாற்றியது மட்டுமே. மாயத்தை எதைக் கொடுத்தாலும் எதையும் தரும் கடைவீதியாக எழுதும் நகர்ப்புற மிகுபுனைவுகளை வாசித்துச் சலித்திருந்த எனக்கு, பேரத்துக்கு இசையாத இந்தப் பூதம் பெரிய விடுதலையாக இருந்தது. எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஹில்குரோவ் நிலையத்தில் என் நாவலின் தாயை நான் நிறுத்தியபோது, எதிரே நின்றது இந்தப் பூதம்தான்.

ஆயினும் ஒன்பதாம் அத்தியாயத்தைப் பற்றிய தங்கள் புகார் நியாயமானது. அங்கே வளையலைக் கொடுத்துத் தொலைந்த சால்வையைத் திரும்ப வாங்கும் பெண்ணிடம், "பொருளுக்குப் பொருள் உண்டம்மா, உயிருக்கு உயிர் கிடையாது" என்று பிரேக்ஸ்மேன் சொல்லும் வரி கைப்பிரதியில் இருந்தது. முடிவை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சி, அச்சுக்குப் போகுமுன் நானே அதை அடித்துவிட்டேன். அடுத்த பதிப்பில் அந்த வரியை மீண்டும் சேர்க்கிறேன்.