மஞ்சள் சீஸா, வெள்ளை சீஸா?

கேள்வி: டீச்சர், ஹட்டனில் ஒரு கடைக்குச் செடார் சீஸ் வாங்கப் போனேன். ஒன்று வெள்ளை, ஒன்று நல்ல மஞ்சள். "மஞ்சளில்தான் சத்து கூட, வெள்ளை கொழுப்பெடுத்த பாலில் செய்தது" என்றார் கடைக்காரர். என் மாமியாரோ, மஞ்சளில் சாயம் இருக்கிறது, பிள்ளைக்குக் கொடுக்காதே என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: மாமியார் பாதி சரி, மகள். கடைக்காரர் முழுப் பிழை.

சாயம் இருக்கிறதுதான். அன்னாட்டோ என்ற தென்னமெரிக்க மரத்தின் விதையைச் சுற்றியிருக்கும் செம்மஞ்சள் பூச்சில் இருந்து அதை எடுக்கிறார்கள். பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் 160பி என்று இருக்கும். அபூர்வமாக யாருக்காவது ஒவ்வாமை வரலாம். மற்றப்படி பயப்பட ஒன்றுமில்லை. ஒரே பாலில், ஒரே முறையில் செய்த செடாருக்கு அந்தச் சாயம் விட்டால் மஞ்சள், விடாவிட்டால் வெளிறல். ருசியும் சத்தும் ஒன்றே.

எங்கள் அப்பா டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் சமையல் பார்த்தவர். கிறிஸ்மஸ் விருந்து முடிந்தால் மிஞ்சிய சீஸைத் துரைசாணி கடதாசியில் சுற்றிக் கொடுத்துவிடுவார். ஒரு வருஷம் இரண்டு நிறமும் வந்தது. மஞ்சள்தான் வேண்டும் என்று எனக்கும் தம்பிக்கும் லயத்தையே கூட்டிய சண்டை. அப்பா என் கண்ணைப் பொத்தி, சுடுரொட்டியில் ஒவ்வொரு துண்டாக வைத்து ஊட்டினார். மஞ்சள் என்று நான் அடித்துச் சொன்னது வெள்ளை. தம்பி அதை என் பேரப்பிள்ளைகளிடம் இன்னும் சொல்லித் திரிகிறான்.

சாயமே இல்லாமலும் சீஸ் மஞ்சளாகும். மாடு வளர்க்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். மலையோரம் அறுத்த பச்சைப் புல் தின்ற பசுவின் வெண்ணெய் மஞ்சளாகத் திரளும். காய்ந்த புல்லும் புண்ணாக்கும் போட்டால் வெளிறிவிடும். புல்லில் உள்ள கரோட்டின் என்ற மஞ்சள் நிறப்பொருள் பாலின் கொழுப்பில் தங்குகிறது. பாலாக இருக்கும்போது புரதம் அந்த நிறத்தை மறைத்துவிடும். ஒரு கிலோ செடாருக்கு ஏறக்குறைய 10 லீற்றர் பால் வேண்டும். அவ்வளவு கொழுப்பும் ஓரிடத்தில் சேர்ந்ததும் நிறம் வெளியே தெரிகிறது. எருமையும் ஆடும் கரோட்டினை விற்றமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அவற்றின் பால் வெள்ளை. சட்டியில் வரும் எருமைத் தயிரைப் பாருங்கள், எவ்வளவு வெள்ளை, எவ்வளவு கொழுப்பு!

கடைக்காரரைச் சொல்லியும் குற்றமில்லை. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சிலர் பாலாடையை எடுத்து வெண்ணெயாக விற்றுவிட்டு, மிஞ்சிய பாலில் சீஸ் செய்தார்கள். அது வெளிறிப் போனதை மறைக்கக் கரட் சாறும் பூவிதழும் கலந்தார்கள். அந்த வேஷத்துக்குத்தான் இன்றைக்கும் மவுசு.

செடாரை மொசரல்லா என்ற வெள்ளை சீஸோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நிஜம். செடாரில் 100க்கு 37 பங்குதான் தண்ணீர், மொசரல்லாவில் ஏறக்குறைய 50 பங்கு. அதனால் ஒரே நிறைக்குச் செடாரில் கொழுப்பும் கல்சியமும் கூட. வெள்ளை என்றால் உப்புக் குறைவு என்றும் நம்பாதீர்கள். ஃபெட்டா என்ற வெள்ளை சீஸ் உப்புத் தண்ணீரிலேயே ஊறி வருவது. தாளில் சுற்றிய முக்கோணத் துண்டுகளையும் பிள்ளைக்குத் தினமும் கொடுக்க வேண்டாம், அவற்றிலும் உப்பு அதிகம்.

கேள்வி: தேசிக்காய் விட்டுத் திரைத்த பன்னீரும் வெள்ளை சீஸ்தானே? பாண் மேல் வைத்து வாட்டினேன், உருகவே இல்லை.
- மஸ்கெலியா வாசகர்

பதில்: விடிய விடிய வாட்டினாலும் கருகுமே தவிர உருகாது. கொதித்த பாலில் புளிப்பு விட்டால் புரதம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இளஞ்சூட்டில், ரெனட் என்ற நொதியால் உறைய வைத்ததுதான் இளகி இழுபடும். உங்கள் பன்னீரை உதிர்த்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து ரொட்டிக்குள் வைத்துச் சுடுங்கள்.