திவால் மனுவுக்கு முன் கணக்கைத் திரட்டுதல்: வாசகர் கேள்வி – பதில்

கடனைத் திருப்பிக் கட்ட முடியாத நிலைக்கு வந்துவிட்ட நிறுவனங்களுக்கு, மனுவோடு தாக்கல் செய்யவேண்டிய கணக்குகளைத் திரட்டித் தருவது என் தொழில். அது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்த மன்றத்தில், எந்தப் படிவத்தில், எந்தச் சட்டத்தின் கீழ் மனுச் செய்வது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதை உங்கள் வழக்கறிஞர்தான் சொல்லவேண்டும். ஆனால் கேட்கப்படும் கணக்கு எங்கும் ஏறக்குறைய ஒன்றே: கையில் என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தரவேண்டும், வந்த பணம் எங்கே போயிற்று.

கேள்வி: எங்கள் உற்பத்தி நிறுவனத்தில் கணக்காளர் விலகியபின் எட்டு மாதமாகக் கணக்கு எழுதப்படவில்லை. எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு வழக்கறிஞரைப் பார்க்கலாமா, இப்படியே போகலாமா?

பதில்: இப்படியே போங்கள், இந்த வாரமே போங்கள். மனு எந்தத் தேதியில் என்பதை முடிவு செய்தால்தான் கணக்கை எந்தத் தேதிவரை எழுதவேண்டும் என்பது தெரியும். சொத்து, கடன், வங்கி இருப்பு, சரக்கு இருப்பு எல்லாம் ஒரே தேதியில் நிற்கவேண்டும். கடன் பட்டியல் மார்ச் மாத முடிவிலும் சரக்குப் பட்டியல் மே மாதத்திலும் நின்றால், இடையில் விற்ற சரக்கின் பணம் எங்கே என்ற கேள்விக்கு உங்களால் விடை சொல்ல முடியாது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டப்படி ஒரு நிறுவனம் தானே மனுச் செய்யும்போது, கடைசி இரண்டு நிதியாண்டுகளின் தணிக்கை செய்த கணக்கோடு நடப்பாண்டின் தற்காலிகக் கணக்கையும் வைக்கவேண்டும். அந்தத் தற்காலிகக் கணக்கு மனுத் தேதிக்கு 14 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. அமெரிக்காவில் சொத்து, கடன் அட்டவணைகளை மனுவோடு கொடுக்காவிட்டால் பொதுவாக அடுத்த 14 நாளுக்குள் கொடுத்துவிடவேண்டும். எட்டு மாதக் கணக்கை எழுத அந்த அவகாசம் போதாது என்பதால், தேதி குறித்த கையோடு எழுதத் தொடங்கிவிடுங்கள்.

விடுபட்ட மாதங்களை நினைவிலிருந்து எழுதாதீர்கள். வங்கி அறிக்கையிலிருந்து எழுதுங்கள். மூடிவிட்ட கணக்கு உட்பட நிறுவனத்தின் பெயரில் இருந்த ஒவ்வொரு வங்கிக் கணக்கின் அறிக்கையையும் வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது எதற்காக வந்தது, யாருக்குப் போனது என்று எழுதிக்கொண்டே வந்தால், எட்டு மாதத்தின் பெரும்பகுதி தானாகவே உருப்பெற்றுவிடும். விளக்கம் கிடைக்காத வரிகளை இஷ்டத்துக்கு ஒரு தலைப்பில் தள்ளிவிடாமல், ‘விளக்கம் தேவை’ என்று தனியே நிறுத்தி வையுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. நெருக்கடி முற்றிய அலுவலகங்களில் பிரிக்காத தபால் சேர்ந்துகிடக்கும். ஒரு நிறுவனத்தில் மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தபோது, ரப்பர் வளையம் போட்ட கட்டுகளாகப் பிரிக்கப்படாத உறைகள் இருந்தன. பயத்தில் ஒன்றைக்கூட உரிமையாளர் திறக்கவில்லை. அவற்றுள் ஒன்றில் பதில் சொல்லவேண்டிய கெடு மூன்று நாள் முன்பு முடிந்துபோன நீதிமன்ற நோட்டீஸ் இருந்தது. இதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த உறைகளைப் பார்க்கும்போது வயிறு கலங்குவது இயல்புதான். தனியாகப் பிரிக்க முடியாவிட்டால் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பிரியுங்கள். நீதிமன்றம், வரித்துறை, வங்கி, சரக்குக் கொடுத்தவர்கள் என்று நான்கு அடுக்காக வைத்தாலே கடன் பட்டியலின் முதல் வரைவு கிடைத்துவிடும்.

கேள்வி: நிறுவனத்துக்காக என் அண்ணனிடமும் ஒரு நண்பரிடமும் எழுத்து ஏதும் இல்லாமல் கைமாற்று வாங்கியிருக்கிறேன். அவர்களை இதில் இழுக்க விருப்பமில்லை. பிறகு நானே கொடுத்துக்கொள்வேன். பட்டியலில் அவர்கள் பெயரை விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது. அவர்கள் மீதுள்ள மரியாதையால்தான் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் பணம் நிறுவனத்தின் கணக்குக்குள் வந்திருந்தால் அது நிறுவனத்தின் கடன். பத்திரம் இல்லை என்பதால் கடன் இல்லை என்று ஆகிவிடாது. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு மன்றத்திலிருந்து அறிவிப்புப் போகாது, உரிய காலத்தில் கோரிக்கை வைக்கும் வாய்ப்பையும் அவர் இழக்கக்கூடும். காப்பாற்ற நினைத்து அண்ணனுக்கு நீங்களே நட்டம் செய்தவராவீர்கள். பணம் வந்த நாள், வந்த வழி, திருப்பிக் கொடுத்தது போக மீதி ஆகியவற்றை வங்கி வரவோடு பொருத்தி எழுதி, அவர் உறவினர் என்பதையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

கைமாற்றைத் தவிர வேறு சில கடன்களும் வழக்கமாக விடுபட்டுப் போகின்றன. முன்பணம் கொடுத்துவிட்டுச் சரக்குக்காகக் காத்திருக்கும் வாடிக்கையாளர் உங்களுக்குக் கடன் கொடுத்தவரே. வேலை செய்தவர்களின் சம்பள பாக்கி, விடுப்புக்குரிய தொகை, அவர்கள் சம்பளத்தில் பிடித்துக் கட்டாமல் விட்ட தொகை ஆகியவற்றை ஆள்வாரியாக எழுதவேண்டும். பல நாட்டுச் சட்டங்கள் இவற்றில் ஒரு பகுதிக்கு முன்னுரிமை தருகின்றன. வேறொரு நிறுவனத்தின் கடனுக்கு உங்கள் நிறுவனம் ஜாமீன் நின்றிருந்தால், அந்தக் கடன் இன்னும் தவறாவிட்டாலும் எழுதவேண்டும். ‘சரக்கு மட்டமாக இருந்தது, அவருக்கு ஏன் கொடுக்கவேண்டும்’ என்று நீங்கள் வாதாடும் பாக்கியையும் எழுதுங்கள். பக்கத்தில் ‘தகராறில் உள்ளது’ என்று குறித்துவிட்டால் அதை ஒப்புக்கொண்டதாக ஆகாது. அமெரிக்கப் படிவங்களில் இதற்கென்றே தனிக் கட்டங்கள் இருக்கின்றன.

ஒவ்வொரு கடனுக்கும் எதிரே பிணையம் உண்டா, உண்டென்றால் எந்தச் சொத்து என்பதை எழுதுங்கள். பிணையம் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் கிடைக்கப்போகும் தொகை வெகுவாக வேறுபடும் என்பதால், மற்ற கடன்காரர்கள் (அதாவது உங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள்) முதலில் கேள்வி எழுப்பும் இடம் இதுதான். நிறுவனத்தின் கடனுக்கு நீங்கள் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். நிறுவனம் மனுச் செய்வதால் மட்டும் அந்த ஜாமீன் உங்களை விட்டு இறங்கிவிடாது.

கேள்வி: ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) இயந்திரம், சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாம் சேர்த்தால் கடனைவிடச் சொத்து அதிகமாகத் தெரிகிறது. அப்படியே எழுதலாமா?

பதில்: புத்தக மதிப்பை எழுதுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். புத்தகத்தில் இருப்பது வாங்கிய விலையில் தேய்மானம் கழித்த தொகை. அதை இன்று விற்றால் என்ன வரும் என்பது வேறு கணக்கு. இரண்டையும் அட்டவணையில் அடுத்தடுத்த நிரலில் வைத்து, இரண்டாவது தொகை எப்படி வந்தது என்பதையும் சொல்லுங்கள். புத்தகத்தில் 100 என்று நிற்கும் இயந்திரம் கழற்றி எடுத்துப்போகும் செலவு போக 30 தான் தரும் என்றால், அந்த 30ஐச் சொல்ல வெட்கப்படவேண்டியதில்லை. மதிப்பீட்டாளரின் அறிக்கை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மதிப்பு தெரியவில்லை என்று எழுதுவது, அண்ணளவாக ஒரு பெரிய தொகையைப் போடுவதைவிட மேலானது.

மதிப்புக்கு முன்னால், அந்தப் பொருள் உங்களுடையதுதானா என்று பாருங்கள். அச்சு நிறுவனம் ஒன்றின் சொத்துப் பட்டியலைத் தயாரித்துவிட்டு ஒவ்வொரு இயந்திரத்தையும் நேரில் பார்க்கப் போனேன். பட்டியலின் முதல் வரியில் இருந்த பெரிய இயந்திரத்தின் அடியில், மைப்படலத்துக்குள் விரல் நீளத்துக்கு ஒரு தகரப் பட்டை ரிவெட் அடிக்கப்பட்டிருந்தது. துணியால் துடைத்தபோது அதில் குத்தகை நிறுவனத்தின் பெயரும் ஒப்பந்த எண்ணும் தெரிந்தன. உரிமையாளர் பொய் சொல்லவில்லை. ஏழு வருடம் தவணை கட்டியதில் அது தம்முடையது என்றே நம்பிவிட்டார். அன்றிலிருந்து பட்டியலோடு போய்ப் பொருளைத் தொட்டுப் பார்க்காமல் நான் எந்த அட்டவணையையும் முடிப்பதில்லை.

சரக்கையும் அப்படித்தான் எண்ணவேண்டும். கடைசி வரிசைப் பெட்டிகளையும் திறந்து பாருங்கள். கெட்டுப்போனதையும் விலைபோகாததையும் தனியே எழுதுங்கள். வரவேண்டிய பாக்கியை 30 நாளுக்குள், 60 நாளுக்குள், 90 நாளுக்குள், அதற்கும் மேல் என்று வயதுவாரியாகப் பிரியுங்கள். இரண்டு வருடமாகத் தொலைபேசியை எடுக்காதவரிடமிருந்து வரவேண்டிய தொகையை முழு மதிப்பில் சொத்தாகக் காட்டினால் ஐந்தொகை அழகாக இருக்கும், ஆனால் கடன்காரர்கள் அந்த அழகை நம்பி உங்கள் மீது எதிர்பார்ப்பை வளர்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: மூன்று மாதம் முன்பு நிறுவனத்தின் வேனை என் மனைவி பெயருக்கு மாற்றினேன். என் தம்பியிடம் வாங்கிய கடனையும் போன மாதம் முழுதாகத் தீர்த்தேன். இவற்றைச் சொல்லவேண்டுமா?

பதில்: சொல்லியே ஆகவேண்டும், அதுவும் வழக்கறிஞரிடம் சொல்லும் முதல் செய்தியாக இருக்கவேண்டும். நொடிந்த நிறுவனத்தின் சொத்து எல்லாக் கடன்காரர்களுக்கும் பொதுவானது என்பதால், கடைசிக் காலத்தில் ஒருவருக்கு மட்டும் கொடுத்ததையும், குறைந்த விலைக்குக் கைமாறியதையும் திருப்பிக் கேட்கப் பல நாட்டுச் சட்டங்கள் இடம் தருகின்றன. ஒரு கடன்காரருக்கு மட்டும் சாதகமாகக் கொடுத்தது குறித்து, அமெரிக்கச் சட்டம் மனுவுக்கு முந்தைய 90 நாளைப் பார்க்கிறது. நிறுவனத்துக்கு உள்ளே இருப்பவர்கள், நெருங்கியவர்கள் என்றால் ஒரு வருடத்தைப் பார்க்கிறது. பிரிட்டனின் 1986ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தில் அது ஆறு மாதம், தொடர்புடையவர்களுக்கு இரண்டு வருடம். இந்தியாவில் ஒரு வருடம், தொடர்புடையவர்களுக்கு இரண்டு வருடம். இந்த மூன்றிலும் உறவினருக்கு நீண்ட காலம் வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். முழுகும் கப்பலிலிருந்து முதலில் நம் வீட்டாரை இறக்கிவிட நினைப்பது மனித இயல்பு என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எனவே இரண்டு வருடத்துப் பெரிய கொடுப்பனவுகளையும், சொத்து மாற்றங்களையும், உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் போன ஒவ்வொரு தொகையையும் தனிப் பட்டியலாக எடுங்கள். நாள், பெயர், உறவு, தொகை, காரணம், ஆதாரம் ஆகியவை அதில் இருக்கட்டும். சரக்குக்கு வழக்கம்போல் கொடுத்து வந்த தொகைகளைப் பல சட்டங்கள் வேறுவிதமாகப் பார்க்கின்றன. ஆகவே எது வழக்கமான வியாபாரக் கொடுப்பனவு என்பது தெரியும்படி பில்லையும் இணைத்து வையுங்கள். பயந்துகொண்டு இன்று அவசரமாக வேனைத் திரும்ப மாற்றிவிடாதீர்கள். அதையும் வழக்கறிஞர் சொல்லும் முறையில்தான் செய்யவேண்டும். தாமாக முன்வந்து சொன்ன பரிமாற்றம் பேசித் தீர்க்கக்கூடிய ஒரு பிரச்சினை. அதையே பிறர் வங்கி அறிக்கையிலிருந்து தோண்டி எடுத்தால், உங்கள் பட்டியலின் மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

கேள்வி: தொழிலை மூடாமல், கடனை மறுசீரமைத்துத் தொடர்ந்து நடத்த விரும்புகிறோம். கூடுதலாக என்ன தயாரிக்கவேண்டும்?

பதில்: வாரவாரியான ரொக்க வரவு செலவுக் கணிப்பு. 13 வாரத்துக்கு, அதாவது ஒரு காலாண்டுக்குப் போடுவது இத்துறையில் வழக்கம். லாப நட்டக் கணக்கு இதற்கு உதவாது. இந்த மாதம் விற்ற சரக்குக்குப் பணம் அடுத்த மாதம்தான் வரும் என்றால் அடுத்த மாத வாரத்தில்தான் எழுதவேண்டும். சம்பளம், வாடகை, மின்சாரம், காப்பீடு முதலியவை விழும் வாரத்திலேயே அவற்றை வையுங்கள். மனுச் செய்தது தெரிந்ததும் சரக்குக் கொடுப்பவர்கள் கடனுக்குத் தருவதை நிறுத்தி ரொக்கம் கேட்பார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நான் பார்த்த கணிப்புகள் பெரும்பாலும் உடைந்தது இந்த ஒரு இடத்தில்தான். வாரம் முடிந்ததும் உண்மையில் நடந்ததைக் கணிப்புக்குப் பக்கத்தில் எழுதி வாருங்கள்.

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர். மனுவுக்கு முன், சில வவுச்சர்களைப் பழைய தேதியிட்டு எழுதச் சொல்கிறார் முதலாளி. கம்ப்யூட்டரில் உள்ள பழைய கோப்புகளையும் ‘சுத்தம்’ செய்யச் சொல்கிறார். வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது, இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள். மனுவோடு வைக்கும் கணக்கு உண்மை என்று உறுதிமொழியோடு கையெழுத்திடப்படுகிறது. கணக்கைப் பொய்யாகத் திருத்துவதும் ஆவணத்தை அழிப்பதும் பல நாடுகளில் சிறைத்தண்டனைக்குரிய குற்றம், எழுதிய கை உங்களுடையதாக இருந்தால் கேள்வி உங்களிடமும் வரும். கணக்கு மென்பொருள்கள் பலவற்றில் பதிவு எந்த நாளில், எந்தப் பயனர் பெயரில் உள்ளிடப்பட்டது என்பது நிற்கும் என்பதால், பழைய தேதி யாரையும் ஏமாற்றாது.

முதலாளியிடம் சண்டையாகச் சொல்லவேண்டாம். விடுபட்ட பரிமாற்றம் உண்மையாகவே நடந்தது என்றால், அதைச் சேர்க்க நேர்மையான வழி இருக்கிறது: இன்றைய தேதியில் ஒரு ஜர்னல் பதிவு போட்டு, ‘இன்ன நாளில் நடந்தது, அப்போது எழுதப்படவில்லை, ஆதாரம் இது’ என்று விவரம் எழுதி, பில்லையோ வங்கி வரியையோ இணைத்துவிடுங்கள். அதையே அவருக்குக் காட்டி, இதனால் அவருக்கும் பாதுகாப்பு என்று சொல்லுங்கள். நடக்காத ஒன்றை எழுதச் சொன்னால், எழுத முடியாது என்பதை மின்னஞ்சலில் பணிவாகத் தெரிவித்துவிட்டு, நிறுவனத்தின் வழக்கறிஞரிடமோ தணிக்கையாளரிடமோ கேட்கலாம் என்று அதிலேயே எழுதுங்கள். எந்தக் கோப்பையும் அழிக்காமல், மென்பொருளின் முழுத் தரவையும் தேதியோடு பிரதி எடுத்து அலுவலகப் பொறுப்பில் வைக்கச் சொல்லுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போகவேண்டாம்.