மறுமொழி: தங்கை வீடு கட்டிவிட்டாள், என்னால் ஜெபிக்க முடியவில்லை

சகோதரி, தங்கை சொந்த வீட்டில் பால் காய்ச்சிய நாளிலிருந்து ஜெபத்தில் உட்காரவே முடியவில்லை, விசுவாசம் இல்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். விசுவாசம் இல்லாதவர் இதற்கு ஏன் கவலைப்படப் போகிறார்?

73-ம் சங்கீதத்தைப் படியுங்கள். ஆசாப், தாவீது நியமித்த பாடகர்களுக்குத் தலைவர். அவரே பொறாமைப்பட்டேன், கால் சறுக்கப் பார்த்தது என்று தேவனிடமே சொல்லிவிடுகிறார். நீங்களும் அழகான ஜெபத்தை விட்டுவிட்டு, அந்த வீட்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது என்று அப்படியே சொல்லுங்கள்.

அப்புறம் பிலிப்பியர் 4, அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தின் நான்காம் அதிகாரம். அதன் 13-ம் வசனம், கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்பது, காலண்டரிலும் கார் கண்ணாடியிலும் இருக்கிறது. முந்தின இரண்டு வசனங்களை யாரும் ஒட்டுவதில்லை! பவுல் காவலில் இருந்தபடி எழுதுகிறார்: பட்டினியும் தெரியும், நிறைவும் தெரியும், எந்த நிலைமையிலும் மனரம்மியமாய், அதாவது மனநிறைவோடு, இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று. அவருக்கே அது ஒரே நாளில் வந்துவிடவில்லை. அதே அதிகாரத்தில், பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவரிடம் கொடுத்தனுப்பிய உதவியை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளவும் செய்கிறார். ஆகவே சீட்டு போடுவதோ வீட்டுக் கடன் கேட்பதோ தவறில்லை. வீடு கிடைத்தால்தான் தேவன் நல்லவர் என்று மனது பேரம் பேசுவதுதான் சிக்கல். ஆசீர்வாதம் என்றாலே சொந்த வீடு, கார் என்று பேசும் பிரசங்கங்களைக் கொஞ்ச நாள் கேட்காதீர்கள், அவை இந்தப் பேரத்தைத்தான் வளர்க்கும்.

தனியாக ஜெபிக்க முடியாத நாட்களில், சபையில் நம்பிக்கையான ஓர் அக்காவைக் கூட உட்காரச் சொல்லுங்கள்.