பிள்ளைக்கு 18 வயதானால் யார் முடிவெடுப்பது? – கேள்வி பதில்

இங்கிலாந்துச் சட்டத்தை வைத்தே பதில் சொல்கிறேன். ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு.

ஹரோ, ஒரு அம்மா: அக்கா, மகனுக்கு ஓட்டிசம். வாற மாசம் 18. இனி அவன்ர விசயத்தில நான் கதைக்க ஏலாது எண்டு சொல்லினம். உண்மையோ?

பாதி உண்மை, தங்கச்சி. வளர்ந்த பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை பெற்றோருக்குத் தானாக வராது. ஆனால் 2005ஆம் ஆண்டின் மென்டல் கெப்பாசிட்டி (முடிவெடுக்கும் திறன்) சட்டம் 16 வயதிலிருந்தே பொருந்தும். திறன் இல்லை என்று காட்டும்வரை திறன் உண்டு என்பதுதான் அதன் முதல் கோட்பாடு. ‘இவனுக்கு ஒன்றும் விளங்காது’ என்று மொத்தமாக எழுத முடியாது. மதியம் என்ன சாப்பிடுவது என்பதை அவனே தீர்மானிப்பான். வாடகை ஒப்பந்தம் அவனுக்கு விளங்காமல் போகலாம். ஒவ்வொரு முடிவையும் தனியாகப் பார்க்க வேண்டும். அவனால் முடியாத இடத்தில் அவன் நன்மை கருதி மற்றவர்கள் முடிவெடுக்கும்போது, அவனைப் பராமரிக்கும் உங்களிடமும் கேட்கத்தான் வேண்டும்.

ஈஸ்ட்ஹாம்: சோசல் வேர்க்கர் பத்து நிமிசம் கதைச்சிட்டு மகளுக்குத் திறன் இல்லை எண்டு எழுதிட்டா.

விசயத்தை விளங்குவது, தேவையான நேரம் மனதில் வைத்திருப்பது, சீர்தூக்குவது, ஏதாவதொரு வழியில் சொல்வது. இந்த நான்கையும் பார்க்க வேண்டும். அதற்கு முன், அவளுக்கு முடிந்த உதவியெல்லாம் கொடுத்திருக்க வேண்டும்.

நான் கூடப்போன ஒரு பிள்ளையிடம், கொலிஜ் முடிந்து களைத்து வந்த நேரம், ஆங்கிலத்தில் ‘எங்கே இருக்க விருப்பம்?’ என்று கேட்டார்கள். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். அடுத்த கிழமை, காலையில், தமிழில், இரண்டு வீட்டுப் படங்களை மேசையில் வைத்தோம். ஒன்றை எடுத்து மடியில் வைத்தாள். படங்களை இடம் மாற்றி வைத்தும் அதையே எடுத்தாள். அதனால் மட்டும் திறன் இருக்கிறது என்றாகாது. ஆனால் ‘விருப்பத்தைச் சொல்லத் தெரியாதவள்’ என்று இனி யாரும் எழுத முடியாது. நீங்களும் மதிப்பீட்டின் பிரதியைக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரோடு திரும்பச் செய்யச் சொல்லுங்கள். அந்த நேரம் அவளுக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

டூட்டிங்: மகன்ர சைல்ட் டிரஸ்ட் ஃபண்ட் காசை எங்களிட்டத் தரமாட்டினமாம்.

சைல்ட் டிரஸ்ட் ஃபண்ட் பிள்ளையின் பெயரில் போட்ட சேமிப்பு. 18இல் அது அவனுடைய காசு. காசு விசயத்தில் அவனுக்குத் திறன் இல்லையென்றால் திறன் இல்லாதவர்களின் விசயங்களைப் பார்க்கும் கோர்ட் ஒஃப் புரொடெக்ஷன் உத்தரவு வேண்டும். 18க்கு முன்பே விண்ணப்பிக்கலாம். அரசு உதவிப் பணத்துக்கு மட்டும் என்றால் கோர்ட் தேவையில்லை, அதைத் தரும் அரசுத் திணைக்களமான டி.டபிள்யூ.பி.யிடம் ‘அப்பொயின்டி’ (அவனுக்காக அந்தப் பணத்தைக் கையாள்பவர்) ஆகப் பதிந்தால் போதும்.

லெஸ்டர், ஒரு அப்பா: மகளுக்கு 7 வயது. டயக்னோசிஸ் வந்த பிறகுதான் ஈ.எச்.சி.பி. எண்டு பள்ளிக்கூடம் சொல்லுது.

ஈ.எச்.சி.பி. என்பது பிள்ளைக்கு வேண்டிய கல்வி, சுகாதார, பராமரிப்பு உதவிகளைக் கவுன்சில் எழுதித் தரும் திட்டம். டயக்னோசிஸ் வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, தம்பி. நீங்களே கவுன்சிலுக்கு எழுதலாம். மதிப்பிடுவதா இல்லையா என்று 6 கிழமைக்குள் சொல்ல வேண்டும். முழுத் திட்டமும் 20 கிழமைக்குள் வர வேண்டும். வந்ததும், சிறப்புக் கல்வி உதவிகளைச் சொல்லும் எஃப் பகுதியைப் பாருங்கள். ‘தேவைக்கேற்பப் பேச்சுப் பயிற்சி’ என்றிருந்தால் ஏற்காதீர்கள். கிழமைக்கு எத்தனை தடவை, எத்தனை நிமிடம், யார் தருவது என்று எழுதியிருக்க வேண்டும். கவுன்சில் மறுத்தால் ட்ரிபியூனலுக்கு (மேன்முறையீட்டு மன்றம்) போகலாம், கட்டணம் இல்லை. கடிதத் தேதியிலிருந்து பொதுவாக 2 மாதம்தான் அவகாசம்.

குரொய்டன்: 24 வயது மகனைப் பாத்துப் பாத்து எனக்கு ஏலாமல் போச்சு.

2014ஆம் ஆண்டின் கெயர் சட்டப்படி பராமரிப்பவராக உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று பார்க்கும் தனி மதிப்பீடு உண்டு. மகனின் பராமரிப்புக்கான கட்டணத்தைக் கணக்கிடும்போது உங்கள் சம்பளத்தைச் சேர்க்கமாட்டார்கள், பயப்படாதீர்கள். இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள் என்று இன்றிலிருந்து ஒரு கிழமைக்கு எழுதி வையுங்கள், அம்மா. கவுன்சில் ஆள் வரும்போது அந்தத் தாளைக் கையில் கொடுங்கள்.