வேலை தேடி வந்த பெண்ணிடம் அதிகாரி அத்துமீறினால்: கேள்வி பதில்

அரசு வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் அதிகாரிகளின் பாலியல் தொல்லைக்கு ஆளானவர்கள் கேட்டவற்றுக்கு, இத்தகைய வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராகப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, தற்காலிகப் பணிக்கான நேர்காணலில் அலுவலர், "மாலையில் தனியாக வந்து பாருங்கள், ஆர்டர் தானாக வரும்" என்றார். நான் அங்கே ஊழியரே இல்லையே, புகார் கொடுக்க முடியுமா? (தருமபுரி)

முடியும் அம்மா. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பாதிக்கப்பட்ட பெண் "பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்" பாதுகாப்பு உண்டு என்கிறது. அவர் பச்சையாகக் கேட்கவில்லையே என்று தயங்காதீர்கள். வேலையில் சலுகை தருவதாக மறைமுகமாக உணர்த்தினாலும் அது பாலியல் துன்புறுத்தல்தான். அந்த அலுவலகத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை அவகாசம் தரலாம். அலுவலகத் தலைவர் மீதே புகார் என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும்.

அறையில் நானும் அவரும் மட்டும்தான். சாட்சிக்கு எங்கே போவது? (விருதுநகர்)

இந்தக் கேள்வியைக் கேட்காத பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பேசுகிறவன் சாட்சி வைத்துக்கொண்டா பேசுவான்? நான் நடத்திய ஒரு வழக்கில் அந்த இளம்பெண்ணிடம் இருந்தவை மூன்றே பொருள்கள்: நேர்காணல் அழைப்புக் கடிதம், அன்றைய பஸ் டிக்கெட், அன்றிரவு அவள் தன் அம்மாவுக்கு அனுப்பிய நான்கு வரி வாட்ஸ்அப் செய்தி. டிக்கெட்டை நான்காக மடித்துக் கைப்பேசி உறைக்குள் வைத்திருந்தாள். எழுத்து பாதி அழிந்திருந்தது, தேதி மட்டும் தெரிந்தது. "நீ அன்று வரவே இல்லை" என்று அந்த அதிகாரி சாதித்தபோது அந்தத் துண்டுக் காகிதம்தான் கைகொடுத்தது. எனவே நடந்ததை இன்றே தேதி, நேரம் போட்டு எழுதிவையுங்கள். யாரிடம் முதலில் சொன்னீர்கள் என்பதையும் குறியுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், பழைய கைப்பேசியை விற்றுவிடாதீர்கள். நிரூபிக்க முடியாமல் போனால் பொய்ப் புகார் என்று தண்டிப்பார்களோ என்ற பயமும் வேண்டாம். நிரூபிக்க இயலாதது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று சட்டத்தின் 14ஆம் பிரிவே சொல்கிறது.

அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அரசின் அனுமதி வேண்டும் என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினார்கள். உண்மையா? (கடலூர்)

தவறு. இப்போதைய குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தலைக் குற்றமாக்குகிறது; பாலியல் இச்சைக்கு இணங்கக் கேட்டதற்கே மூன்று ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. இந்தக் குற்றத்துக்கு முன் அனுமதி தேவையில்லை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218ஆம் பிரிவில் தெளிவாக இருக்கிறது. பிரிவு எண்ணைப் புகாரிலேயே எழுதிக்கொண்டு அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். எல்லை எங்களுடையது அல்ல என்று மறுக்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை.

வேலை கிடைக்கும் என்று நம்பி என் தோழி இணங்கிவிட்டாள். இப்போது அவள் மீதே பழி வருமா? (திருச்சி)

அவள் குற்றவாளி அல்ல. முதலில் அதை அவளிடம் சொல்லுங்கள். வேலை தருவதாக ஆசைகாட்டியோ பொய் வாக்குறுதி தந்தோ உறவுகொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். இது லஞ்சமும்கூட. ஊழல் தடுப்புச் சட்டம் கையூட்டு என்பதைப் பணத்தோடு நிறுத்தவில்லை. லஞ்சம் கொடுத்தவரையும் அச்சட்டம் தண்டிக்கும் என்பதால் ஒன்றைக் கவனியுங்கள்: கட்டாயத்தின் பேரில் தந்தவர் ஏழு நாளுக்குள் தெரிவித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. அந்த ஏழு நாளை அழுதே கழித்துவிட வேண்டாம், உடனே ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் கடந்திருந்தாலும் 69ஆம் பிரிவு வழக்குக்கு அது தடையல்ல.

இலங்கையில் எப்படி? (யாழ்ப்பாணம்)

உங்கள் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கெதிரான சட்டம் பாலியல் சலுகையையும் இலஞ்சமாகவே கருதுகிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

குழுவில், "பணம் வாங்கிக்கொண்டு சமரசமாகப் போய்விடுங்கள்" என்கிறார்கள். (மதுரை)

பாதிக்கப்பட்ட பெண்ணே கேட்டால் ஒழிய சமரசம் என்ற பேச்சையே குழு எடுக்கக் கூடாது. நீங்களே கேட்டாலும் பணத்தை அடிப்படையாக வைத்து முடிக்க 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு தடை விதிக்கிறது. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி, தேதியிட்டுக் குழுத் தலைவரிடம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள்.