குறும்படம் எடுத்தாச்சு, ரெக்கார்டில் என்ன எழுதுவது? – கேள்வி பதில்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பின் கடைசி ஆண்டில் குறும்படத்தோடு ஓர் அறிக்கையும், அதாவது ரெக்கார்டும், கேட்பார்கள்: எப்படி எடுத்தீர்கள், எது சொதப்பியது, ஏன். படத்தை விட இதைக் கண்டுதான் பலர் பயப்படுகிறார்கள். வந்த கேள்விகளில் பாதி அறிக்கை பற்றியவை, மீதி சொதப்பல் பற்றியவை. இரண்டும் ஒரே கேள்விதான் என்பதால் கலந்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: சார், 6 நிமிஷப் படம் முடிச்சாச்சு. அறிக்கையில "குழுவாக வேலை செய்வதன் அருமையையும் நேரத்தின் மதிப்பையும் கற்றுக்கொண்டோம்"னு எழுதினேன். கைடு அப்படியே திருப்பிக் கொடுத்துட்டாங்க. வேற என்னதான் எழுதணும்?

அந்த வரி கல்யாண வீடியோவுக்கும் பொருந்தும், கிரிக்கெட் டீமுக்கும் பொருந்தும். அதனால்தான் திரும்பி வந்தது. உங்கள் படத்தில் மட்டும் நடந்தது எதுவோ அதை எழுதுங்கள். ஒரு பிழையை எடுத்துக்கொண்டு, அது எத்தனையாவது நிமிடம், விநாடி என்று குறித்து, எங்கே பிறந்தது என்று பின்னோக்கிப் போங்கள்: எழுத்திலா, ஷூட்டிலா, எடிட்டிலா?

இப்படி: "2:14-இல் அம்மா தட்டைக் கீழே வைக்கிறார். அடுத்த ஷாட்டில் தட்டு மறுபடி கையில் இருக்கிறது. இரண்டையும் வெவ்வேறு நாளில் எடுத்தோம். முதல் நாள் கண்டினியூட்டி போட்டோ (எது எங்கே இருந்தது என்று அடுத்த ஷாட்டுக்காக எடுத்துவைக்கும் படம்) எடுக்கவில்லை. எடிட்டில் நடுவே மகனின் குளோசப்பைப் போட்டு மறைத்தோம். ஆனால் அம்மா சட்டென்று திரும்பும் வேகம் அதில் போய்விட்டது."

என்ன தவறு, யார் எதைச் செய்யாததால் வந்தது, எப்படிச் சமாளித்தீர்கள், அதில் எதை இழந்தீர்கள், எல்லாம் இதில் வந்துவிட்டது. இப்படி ஆறேழு பத்தி தேறினால் யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். நன்றாக வந்த ஷாட்டுக்கும் இதே முறைதான். அது தற்செயலாக அமைந்தது என்றால் அப்படியே எழுதுங்கள், குறைந்துபோக மாட்டீர்கள்.

கேள்வி: அண்ணா, ஹாலில் டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்த சீன் முழுக்க கறுப்புப் பட்டை பட்டையா ஓடுது. மொபைல் கேமரா கோளாறா?

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குதான் இடிக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும், கண்ணுக்குத் தெரியாது. போன் பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃபிரேமில் நிற்கும், ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/60 விநாடி போல எதிலாவது தானாக வைத்துக்கொள்ளும். மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக உள்ள அமெரிக்காவில் அது ஒத்துப்போகும், இங்கே ஒத்துப்போகாது. 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் வையுங்கள். 24 ஃபிரேம்தான் வேண்டுமென்றாலும் ஷட்டர் 1/50-ஐ விட்டு நகர வேண்டாம். போனோடு வரும் கேமராவில் ஷட்டரைப் பூட்ட முடியாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், உங்கள் போனில் ஏறுகிறதா என்று பாருங்கள்.

மலிவான எல்இடி பல்புகளை இந்தக் கணக்கை வைத்தும் நம்ப முடியாது. உள்ளே இருக்கும் டிரைவரைப் பொறுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் துடிக்கும். ஷூட்டுக்கு முதல் நாளே அதே செட்டிங்கில் ஒவ்வொரு விளக்கையும் 10 விநாடி எடுத்து, கம்ப்யூட்டர் திரையில் ஓட்டிப் பாருங்கள். போன் திரையில் பட்டை தெரியாமல் போகலாம்.

எடுத்தாகிவிட்டது என்கிறீர்களே, அதற்கு: எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் இந்தத் துடிப்பை நீக்கும் டீஃப்ளிக்கர் கிடையாது. அதே கிளிப்பை மேல் டிராக்கில் இன்னொரு தடவை வைத்து, ஒரு ஃபிரேம் தள்ளி, கீழே உள்ளது பாதி தெரிகிற மாதிரி அதன் ஒபாசிட்டியை 50 சதவீதம் ஆக்குங்கள். பட்டை ஓரளவு மங்கும். ஆள் அசையாத ஷாட்டில் பரவாயில்லை, கை வீசினால் இரட்டைக் கை தெரியும். அந்த ஷாட்டைத் திரும்ப எடுப்பதுதான் வழி.

கேள்வி: தனி ரெக்கார்டர்ல எடுத்த சவுண்டு ஆரம்பத்துல உதட்டோட சரியா சேருது. 4 நிமிஷ லாங் டேக், கடைசியில அரை விநாடி தள்ளிப் போயிடுது. ஏன் சார்?

போனில் எடுத்திருப்பீர்கள். போன் சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தை ஏற்றி இறக்கும். 25 என்று போட்டிருந்தாலும் ஒரு இடத்தில் 24.8 இருக்கும், இன்னொரு இடத்தில் 25.1 இருக்கும். எடிட்டிங் மென்பொருள் அதைச் சீராக 25 என்று எடுத்துக்கொள்வதால் சவுண்டு விலகுகிறது. எடிட்டுக்குள் கொண்டுவரும் முன்பே எல்லாக் கிளிப்பையும் வீடியோ மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட், 25 என்று மாற்றிவிடுங்கள். எடிட் முடித்த பிறகு மாற்றினால் வெட்டிய இடமெல்லாம் கலையும்.

அடுத்த முறை நீளமான டேக்கின் முடிவிலும் ஒரு கிளாப் அடியுங்கள், போர்டைத் தலைகீழாகப் பிடித்து. முதல் கிளாப்பைப் பொருத்தியதும் கடைசிக் கிளாப் எத்தனை ஃபிரேம் தள்ளி நிற்கிறது என்று எண்ணலாம். 4 நிமிடம் என்பது 6,000 ஃபிரேம். 12 ஃபிரேம் விலகியிருந்தால் 0.2 சதவீதம். விலகல் ஒரே சீராக இருந்தால் சவுண்டின் வேகத்தை அந்த அளவு திருத்தினாலே உட்கார்ந்துவிடும். இந்த எண்ணை அறிக்கையிலும் போடுங்கள்.

கேள்வி: வசனம் கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி கேக்குது. டப்பிங் பண்ணிடலாமா அண்ணா?

பண்ணலாம், ஆனால் அதன் வேலை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு பண்ணுங்கள். குரலை மாற்றினால் அந்த ஷாட்டில் இருந்த காலடி, டம்ளர் வைக்கும் ஓசை, புடவைச் சரசரப்பு எல்லாம் சேர்ந்தே போய்விடும். அவற்றை ஒவ்வொன்றாகச் செய்து சேர்க்க வேண்டும். தமிழ் சினிமாவில் டப்பிங் காலங்காலமாக நடக்கிறது என்றால், பின்னால் எஃபெக்ட்ஸ் செய்கிற ஆட்கள் தனியாக இருக்கிறார்கள்.

கிணற்றுச் சத்தத்துக்குக் காரணம் தூரம். மைக் கேமரா மேலே, ஆள் எட்டடி தள்ளி. அங்கே போய்ச் சேர்வது வாயிலிருந்து வரும் குரலை விடச் சுவரில் பட்டுத் திரும்பிய குரல்தான். பூம் (கம்பில் கட்டிய மைக்) என்றால் ஃபிரேமுக்கு வெளியே, தலைக்கு மேல் ஒன்றரை, இரண்டடி. காலர் மைக் என்றால் முகவாய்க்கு ஒரு சாண் கீழே. கஞ்சி போட்ட காட்டன் புடவையில் மைக் உரசும், துணியின் உட்புறத்தில் டேப்பால் மைக்கை அசையாமல் ஒட்டி, வயரில் ஒரு சுழி விட்டு அதையும் ஒட்டுங்கள். மொசைக் தரையில் ஜமுக்காளம் விரித்து, கேமராவுக்குத் தெரியாத சுவரில் போர்வை தொங்கவிட்டாலே பாதி எதிரொலி அடங்கும். ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், சத்தமான வசனமும் மைனஸ் 12 டெசிபெல் அருகில் நிற்கிற மாதிரி லெவல்.

ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் அணைத்தே ஆக வேண்டும். ஃபிரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள், கிளம்பும்போது சாவியை எடுக்கையில் திரும்பப் போட ஞாபகம் வரும். போட மறந்து வீட்டுக்காரரின் பால் கெட்டுப்போனால் அடுத்த நாள் லொகேஷன் கிடைக்காது. கிளம்பும் முன் எல்லாரும் அசையாமல் நின்று ஒரு நிமிடம் ரூம் டோன் (யாரும் பேசாதபோது அந்த அறையில் இருக்கும் சத்தம்) பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே வெட்டிய இடத்தில் இதைத்தான் நிரப்ப வேண்டும்.

கேள்வி: 5 பக்க ஸ்கிரிப்ட், 11 நிமிஷம் வந்துடுச்சு. ஒரு பக்கம் ஒரு நிமிஷம்னுதானே சொல்லிக் கொடுத்தாங்க?

அது கூரியர் எழுத்தில் 12 புள்ளி அளவில் தட்டச்சு செய்த ஆங்கிலத் திரைக்கதையின் கணக்கு. தமிழில், ஏதோ ஓர் எழுத்துருவில், ஏ4 தாளில் அது நிற்காது. "அவள் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைக்கிறாள்" ஒரே வரிதான், திரையில் 40 விநாடி. ஸ்டாப்வாட்ச் வைத்து வசனத்தை வாய்விட்டுப் படித்து, நடக்கிற இடங்களை நடந்தே பாருங்கள்.

கேள்வி: ரஃப் கட் யாருக்குக் காட்டணும்? நண்பர்கள் எல்லாம் "செமடா மச்சான்"தான்.

ரஃப் கட் என்கிற அந்த முதல் எடிட்டை, கதை தெரியாத ஐந்து பேருக்கு, தனித்தனியாக. திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள், எந்த விநாடியில் போனை எடுக்கிறார்கள் என்று குறியுங்கள். "நல்லா இருக்கா" என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில்தான் வரும். "அவன் அவளுக்கு என்ன வேணும்? கடைசியில என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். ஐந்தில் மூன்று பேர் அண்ணனைக் கணவன் என்று நினைத்தார்கள் என்று வையுங்கள். முதல் காட்சியில் அவள் முதுகு காட்டி நிற்கும், வாய் தெரியாத ஷாட்டைத் தேடுங்கள். "சாப்டியா" என்பதை "அண்ணே, சாப்டியா" என்று அந்த ஒரு வரிக்கு மட்டும் டப் செய்தால் போதும், புது ஷாட் தேவையில்லை. முன்னே பின்னே இரண்டு வடிவத்தையும் அறிக்கையில் வைத்தால் அது வெறும் அபிப்பிராயமாக இல்லாமல் சான்றாக நிற்கும்.

கேள்வி: ரயில்வே ஸ்டேஷன்ல மொபைல்லதானே எடுக்கறோம், பர்மிஷன் வேணுமா?

வேண்டும். மெட்ரோவிலும் அப்படியே. கல்லூரி லெட்டர்ஹெட்டோடு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு சிமென்ட் பெஞ்ச், ஒரு பை, நீங்களே குரல் கொடுத்த அறிவிப்பு, கடந்து போகிற ரயிலின் ஓசை, முகத்தில் விட்டு விட்டு விழும் வெளிச்சம் போதும். பல நேரம் அதுதான் நன்றாகவும் இருக்கும்.

கேள்வி: டைட்டிலில் "கொ", "ணை" எல்லாம் உடைஞ்சு தெரியுது.

பாமினி போன்ற பழைய எழுத்துரு அல்லது தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருள். யூனிகோடு எழுத்துருவில், தமிழ் உடையாமல் தெரிகிற வேறு மென்பொருளில் டைட்டிலை அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக 1920 x 1080 அளவில் எடுத்து டைம்லைனில் வையுங்கள்.

கேள்வி: ஷூட் முடிஞ்சு 3 மாசம் ஆச்சு, எதையும் குறிச்சு வைக்கல. அடுத்த வாரம் வைவா (வாய்மொழித் தேர்வு). இப்ப எங்கேருந்து எழுதறது அண்ணா?

குறிப்பு இருக்கிறது தம்பி, நீங்கள் நோட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான். வாட்ஸ்அப் குரூப்பை ஷூட் தேதி வரை மேலே உருட்டுங்கள். "ஹீரோ இன்னும் வரல", "பேட்டரி 10 பர்சென்ட்", "மழை, உள்ள மாத்திக்கலாம்" எல்லாம் நேரத்தோடு கிடக்கும். அடுத்து, மூலக் கிளிப்புகளை எடுத்த நேரப்படி வரிசைப்படுத்துங்கள். காப்பி செய்த தேதியைப் பார்த்து ஏமாறாதீர்கள், கிளிப்புக்குள் பதிவான நேரத்தைப் பாருங்கள். காலை 9:40-க்கும் 12:05-க்கும் நடுவே ஒரு கிளிப்கூட இல்லையென்றால் அந்த ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் எங்கே போனது என்று குரூப்பில் தேடுங்கள். ஒரு ஷாட்டுக்கு 14 டேக், இன்னொன்றுக்கு 1 டேக் என்றால் அதற்கும் காரணம் இருக்கும். கடைசியாக ஷாட் லிஸ்டையும் முடிந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எடுக்காமல் விட்டவற்றை எண்ணுங்கள்.

வைவாவில் படத்தை நிறுத்தி "இங்கே ஏன் லோ ஆங்கிள்?" என்று கேட்பார்கள். "கேமராமேன் அப்படி வச்சாரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அறையில் இடமில்லாமல் கேமராவை வேறு எங்கும் வைக்க முடியவில்லை என்பது உண்மையான காரணமாக இருந்தால் அதையே சொல்லுங்கள்.